தாம்பூலப் பையில் ஒரு பாட்டு

2023 டிசம்பர் 4, திங்கள். காலை 7.42. எண்ணிக்கை: 8,316

எண்ணிக்கை என்பது அக்காவின் பாட்டு இதுவரை விற்ற பிரதிகள். பாட்டின் பெயர் 'ஆறேகால் பஸ்'. பாடியவள் என் அக்கா கோகிலவாணி, முப்பத்து நான்கு வயது, கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் தாதி. ஒலிப்பதிவு செய்தது, விற்பனைப் பக்கத்தைக் கட்டியது, தினமும் கணக்குப் பார்ப்பது எல்லாம் நான். நவனீதன், இருபத்தாறு. பகலில் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர்.

தேசியத் தனிப்பாடல் விருது என்று ஒன்று. ஆண்டில் அதிகம் விற்ற தனிப்பாடலுக்கு, மலாய், தமிழ் என்று மொழிக்கு ஒன்று வீதம் கொடுக்கிறார்கள். நடுவர் கிடையாது. 'உருக்கமாகப் பாடினீர்கள்' கிடையாது. எவ்வளவு விற்றது, அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது. கணக்கை 20-ஆம் தேதி நண்பகல் மூடுவார்கள். தமிழில் முதலிடத்தில் இருப்பவர்கள் பினாங்குக்காரர்கள் இரண்டு பேர். 9,120.

விருதுக் கேடயத்தின் மேல் அக்காவுக்கு ஆசை இல்லை. ஜெயித்தவர் ஜனவரி 13 விழாவில் நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவோடு பாடலாம். அதுதான் வேண்டும். அக்கா பதினாறு வயதிலிருந்து கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி விருந்து என்று பாடிக்கொண்டிருக்கிறாள். எல்லாமே ட்ராக். பின்னணி இசையை முன்பே பதிவுசெய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன்மேல் பாடுவது. பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட உயிருள்ள மனிதன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து அவள் பாடியதில்லை.

"ஒரே ஒரு வாட்டிடா," என்றாள் இன்று, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விற்குது. இந்த வேகத்துல வராது," என்றேன்.

டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் பெல்ட்டை மாற்றினேன். இப்போது சத்தம் இல்லை.

டிசம்பர் 6, புதன். எண்ணிக்கை: 8,341

ஒரு வழி கிடைத்திருக்கிறது. அக்காவோடு வேலை செய்யும் தர்ஷினிக்கு வரும் ஞாயிறு கல்யாணம். அவள் மாப்பிள்ளையை முதன்முதலில் பார்த்தது ஷா ஆலாம் போகும் காலை பஸ்ஸில். ஆகவே அவள் அம்மா கௌசல்யா ஆண்டிக்கு ஒரு யோசனை: கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு இந்தப் பாட்டையும் போட்டுக் கொடுப்பது. ஆயிரத்தைந்நூறு பிரதிகள் வாங்கிவிட்டார்.

விருதின் விதி என்னவென்றால், ஒருவர் மொத்தமாக வாங்கினால் அது ஒன்று என்றுதான் கணக்கு. ஒவ்வொரு பிரதியையும் ஒவ்வொரு ஆள் தன் கைப்பேசியில் திறந்தால்தான் தனித்தனியாக ஏறும். அதனால் பைக்கு ஓர் அட்டை. அட்டையில் கியூஆர் கட்டம். கட்டத்தைப் படம் பிடித்து, கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் பாட்டு இறங்கும். ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வேறு கட்டம், அதற்குள் வேறு வேறு குறி. ஒரு கட்டம் ஒரு தடவைதான் வேலை செய்யும்.

ஆயிரத்தைந்நூறு பக்கக் கோப்பைக் கொண்டுபோய் லிட்டில் இந்தியாவில் வீராசாமி அங்கிளிடம் கொடுத்தேன். முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்.

"கல்யாண சாமானா? ஓரத்துக்கு மஞ்சள் தடவித் தரேன் தம்பி. வெள்ளிக்கிழம வா."

"பக்கத்துக்கு ஓர் அட்டை அங்கிள்."

"நீ பொறக்குறதுக்கு முன்னால இருந்து அடிக்கிறேன்டா."

சாப்பிடும்போது அக்காவிடம் கணக்கைச் சொன்னேன். இலவச அட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். மீதிப் பேர் வெற்றிலையோடு சேர்த்துக் குப்பையில் போடுவார்கள். ஆக 180. போதாது.

"எல்லாத்தையும் இப்பிடியே மூஞ்சிக்கு நேரா சொல்லணுமா நீ?"

"எண் அப்படித்தான் இருக்கு."

"எண்ணுக்கு என்னா அவசரம்? அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். நான் சோத்த முழுங்கிக்கிறேன்."

டிசம்பர் 8, வெள்ளி

அட்டைகளை எடுத்து கௌசல்யா ஆண்டி வீட்டில் இறக்கினேன். மூன்று பெட்டி. திறந்து பார்க்க நேரமில்லை, ஷிப்ட் இருந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு. எண்ணிக்கை காலை: 8,391

காப்பார் சாலை மண்டபத்தில் கல்யாணம். நல்ல கூட்டம். அக்கா மேடையில் 'ஆறேகால் பஸ்' பாடினாள், வழக்கம்போல் ட்ராக்கில். மாப்பிள்ளை வெட்கப்பட்டார். பாயசம் மூன்று தடவை வாங்கினேன்.

மதியம் 2.10-க்கு முதல் அட்டை திறந்தது. பிறகு ஒன்றும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் போல.

டிசம்பர் 11, திங்கள். எண்ணிக்கை: 8,404

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை 8.15. கௌசல்யா ஆண்டி அழைத்தார்.

"தம்பி, நீ நல்லா இருக்கியாப்பா? அம்மா அப்பா நல்லா இருக்காங்களா? சரி. என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்களத் திருடன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

8.20. விற்பனைப் பக்கத்தின் பதிவேட்டைத் திறந்தேன். நேற்று மதியம் முதல் 611 கைப்பேசிகள் அட்டையைப் படம் பிடித்திருக்கின்றன. அத்தனையும் ஒரே குறி. முதல் ஆளுக்குப் பாட்டு போயிருக்கிறது. மீதி 610 பேருக்கும் திரையில் வந்த வாசகம் இது:

'இந்தக் குறி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது. திருடிக் கேட்காதீர்கள். காசு கொடுத்து வாங்குங்கள்.'

இதை எழுதியவன் நான். மார்ச் மாதம், யாரோ ஒரு குறியை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியபோது, ஒரு நிமிடத்தில் எழுதியது. அப்போது சரியாகத்தான் இருந்தது.

10.00. வீராசாமி அங்கிளின் கடை.

"ஆயிரத்தைந்நூறு பக்கம் கொடுத்தேனே அங்கிள்!"

"ஆமா. மொதப் பக்கத்தப் பாத்தேன், அழகா இருந்துச்சு. ஆயிரத்தைந்நூறு அடிச்சேன்."

"மத்த பக்கமெல்லாம்?"

"அதுவும் இதே மாதிரிதான இருந்துச்சு? கறுப்பு கறுப்பா, பொடிப் பொடியா. ஏன்டா தம்பி, கல்யாணத்துல ஆளுக்கு ஒரு பத்திரிகையா அடிப்பாங்க? ஒரே மாப்பிள, ஒரே பொண்ணு, ஒரே நேரம். நீ சொல்லியிருக்கணும்."

சொல்லவில்லைதான். 'பக்கத்துக்கு ஓர் அட்டை' என்றேன், ஏன் என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒரு தொகுதிக்கு இருநூறு கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடுகிறவன், மூன்று பெட்டி அட்டையில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மாலை 6.00. அக்காவிடம் காட்டினேன். அட்டையை அவள் ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். திரையில் வந்த வாசகத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பரவால்ல," என்றேன். "610 பேரோட எண்ணும் பதிவுல இருக்கு. எல்லாருக்கும் புதுக் குறியை ஒரே தட்டுல அனுப்பிடலாம். நாலு நிமிஷ வேலை."

"வேணாம்."

"ஏன்?"

"கல்யாணத்துக்கு வந்து, வாழ்த்திட்டு, பையை வாங்கிட்டுப் போனவங்கள வீட்டுக்குப் போறதுக்குள்ள திருடன்னு சொல்லியிருக்க. நீயே போன் பண்ணி, உன் வாயால மன்னிப்புக் கேட்டுட்டுக் குறியக் கொடு. ஒவ்வொருத்தருக்கும்."

"610 பேர் அக்கா. ஆளுக்கு மூணு நிமிஷம்னா முப்பது மணி நேரம்."

"கணக்கு நல்லா வருது உனக்கு."

"அதுக்குள்ள 20-ஆம் தேதி வந்துடும். நாற்பது பேர் வாத்தியக் குழு—"

"எனக்குத் தெரியும்டா எத்தன பேருன்னு," என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். என் முறை அது.

வாசகத்தை மாற்றிவிட்டேன். மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 12, செவ்வாய். எண்ணிக்கை: 8,467. அழைத்தது: 71

மூன்று நிமிடம் என்ற கணிப்பு தவறு. ஆறு ஆகிறது. இவர்கள் யாரும் குறியை வாங்கிக்கொண்டு வைப்பதில்லை.

பந்திங்கில் ஒருவர்: "முப்பத்திரண்டு வருசம் போலீஸ்ல இருந்தேன். சார்ஜண்ட். என்னையா திருடன்ன?" மன்னிப்புக் கேட்டேன். "சரி, எங்க வேல செய்யிற? அப்பா பேரு என்னா? எந்தத் தோட்டத்து ஆளு?" விசாரணை பதினொரு நிமிடம். முடிவில், "மகனுக்கும் ஒரு குறி அனுப்பு, அவனும் கல்யாணத்துக்கு வந்தான், அவனையும் திருடன்னுதான் சொல்லியிருக்கும்."

ரவாங்கில் ஒரு பெண் அட்டையைச் சாமி மேடையில் வைத்துவிட்டாராம். மஞ்சள் தடவியிருந்ததே. "எடுக்கலாமா தம்பி, தப்பில்லையே?" எனக்கென்ன தெரியும். எடுக்கலாம் என்றேன்.

தொண்டை கட்டிவிட்டது. அக்கா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். "பாடுறவங்களுக்கு வர்றது உனக்கு வந்திருக்கு," என்றாள்.

டிசம்பர் 13, புதன். எண்ணிக்கை: 8,610. அழைத்தது: 84

84 பேரை அழைத்தேன், ஆனால் 131 பேருக்குக் குறி போயிருக்கிறது. அட்டையைப் படமே பிடிக்காதவர்களும் கேட்கிறார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. கௌசல்யா ஆண்டி என் எண்ணைத் தன் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதனுடன் ஒரு குரல்பதிவும் அனுப்பியிருக்கிறார். எனக்கே யாரோ அனுப்பினார்கள்: "நம்ம பையில இருந்தது திருட்டுச் சாமான் இல்ல. ஒழுங்காக் காசு கொடுத்து வாங்கினது. அந்தப் பையன் போன்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கான். எல்லாரும் அட்டையத் தேடி எடுத்து, பாட்ட எறக்கி, நம்ம குடும்பம் யாருன்னு அவனுக்குக் காட்டுங்க."

குப்பைத் தொட்டியில் தேடி எடுத்ததாக இருவர் சொன்னார்கள். பெருமையாகச் சொன்னார்கள்.

டிசம்பர் 14, வியாழன். எண்ணிக்கை: 8,779. அழைத்தது: 79

ஒரு லாரி ஓட்டுநர், பெயர் குணாளன், மூவார் பக்கம் ஓய்விடத்தில் நிறுத்தியிருந்தார். குறியைச் சொன்னேன். "லைன்லயே இருங்க பாஸ், வருதான்னு பாக்கிறேன்" என்றார். வந்தது. ஆனால் என்னை வைக்கச் சொல்லவில்லை, அவரும் வைக்கவில்லை. லாரியின் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. மூன்று நிமிடம் 52 வினாடி. நடுவில் ஒருமுறை "ஆங்" என்றார்.

இந்தப் பாட்டை நான் நானூறு தடவையாவது ஓட்டியிருப்பேன். எங்கே மூச்சுச் சத்தம், எங்கே 'ச' கூர்மையாக விழுகிறது என்று திரையில் அலையைப் பார்த்து வெட்டி ஒட்டியிருக்கிறேன். லாரி, அதற்குள் ஸ்பீக்கர், அதிலிருந்து கைப்பேசி, அங்கிருந்து என் காது. ஒலித்தரம் படுமோசம்.

"அக்காவா உங்களுக்கு?" என்றார் முடிந்ததும்.

"ஆமா."

"ம்," என்றார். வைத்துவிட்டார்.

மாலையில் வேறு யாரையும் அழைக்கவில்லை. வாசல் கால்வாயைச் சுத்தம் செய்தேன்.

டிசம்பர் 16, சனி. எண்ணிக்கை: 9,120

பினாங்குக்காரர்கள் டிசம்பர் 4-இல் இருந்த இடம். இப்போது அவர்கள் அங்கே இல்லை என்பது தெரியும்.

ஒவ்வொரு நாளும் யார் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்கிறாள். சுருக்கமாகச் சொன்னால் விடுவதில்லை. "சார்ஜண்டு பாட்டக் கேட்டாராமா? என்னா சொன்னாரு?" மறுபடி அழைத்துக் கேட்டேன். 'பரவால்ல' என்றார். அவள் அன்று முழுக்க 'பரவால்ல, பரவால்ல' என்று போலீஸ்காரர் குரலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டிசம்பர் 18, திங்கள். எண்ணிக்கை: 9,371

விருதுக்குழுவின் கடைசிப் பட்டியல் வெளியானது. பினாங்கு 9,402. இனி முடிவு வரும்வரை காட்டமாட்டார்கள்.

அழைக்க வேண்டியவர்கள் இன்னும் 58 பேர். தொழிற்சாலையில் மதிய உணவு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து அழைக்கிறேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "யாருடா பொண்ணு?" என்றார். "610 பேர்" என்றேன்.

டிசம்பர் 20, புதன். நண்பகல் 12.00. எண்ணிக்கை: 9,588

மூடிவிட்டார்கள். 610 பேரையும் அழைத்துவிட்டேன். கடைசி ஆள் 11.41-க்கு, காஜாங்கில் ஒரு பள்ளி ஆசிரியை. வகுப்பில் இருந்து வெளியே வந்து பேசினார்.

கல்யாண அட்டைகளில் திறந்தவை 1,072. நூற்றுக்கு 71. நான் பன்னிரண்டு என்றேன்.

தணிக்கைக்காக நடந்ததை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி விருதுக்குழுவுக்கு அனுப்பினேன்: அச்சுப் பிழை, வாசகம், புதுக் குறிகள், பேசியவர்களின் பட்டியல். அங்கிருந்து ஓர் அம்மையார் அழைத்து, பட்டியலில் இருந்த ஒன்பது பேரிடம் தாமே பேசிச் சரிபார்த்ததாகச் சொன்னார். "சார்ஜண்ட் உங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்," என்றார் மலாயில்.

டிசம்பர் 28, வியாழன். மாலை 4.05

பினாங்கு 9,527. நாங்கள் 9,588. 61 வித்தியாசம்.

கிளினிக்குக்கு அழைத்துச் சொன்னேன். அக்கா ஒருவர் வாயில் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். "சரி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தாள். பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பொதுவாக நான் 'ஹலோ, ஹலோ' என்று கத்துவேன். கத்தவில்லை.

வீராசாமி அங்கிளுக்கும் செய்தி போயிருக்கிறது.

"பாத்தியாடா? உன் கணக்குப்படி ஒழுங்கா அடிச்சிருந்தா நூத்தி எம்பது. நான் தப்பா அடிச்சதுக்கு ஆயிரம்."

எண் அவர் பக்கம் இருக்கிறது.

2024 ஜனவரி 6, சனி

கோலாலம்பூரில் முதல் ஒத்திகை. நாற்பது பேர். உண்மையிலேயே நாற்பது, எண்ணிப் பார்த்தேன். வயலின் மட்டும் பதினெட்டு. ஒருவர் முக்காலிமேல் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். புடவை கட்டி வந்திருந்தாள், ஒத்திகைக்கு யாரும் புடவை கட்டி வருவதில்லை.

குழுவை நடத்துகிறவர் லிம் என்ற ஒல்லியான மனிதர். கோலை உயர்த்தினார், வாசித்தார்கள். அக்கா ஆரம்பிக்கவில்லை. மறுபடி. இம்முறை சீக்கிரம் ஆரம்பித்துவிட்டாள். மறுபடி. நுழைய வேண்டிய இடம் கடந்து போனது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ட்ராக்கில் அவள் நுழைவதற்கு முன் நான்கு 'டிக்' வைத்திருக்கிறேன், அவளுக்கு மட்டும் காதில் கேட்கும். பதினெட்டு வருடமாக யாராவது அவளுக்கு 'டிக்' வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே டிக் இல்லை. கோல் ஒன்று மேலே போய்க் கீழே வருகிறது. அதைப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

லிம் பத்து நிமிடம் இடைவேளை விட்டார். நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நவா, ட்ராக்க என் காதுல போட்டு வுடு. முடியில மறச்சிக்கிறேன். யாருக்கும் தெரியாது."

"அப்ப நாற்பது பேரும் எதுக்கு?"

"தெரியாது. போட்டு வுடு. நான் கெடுத்துடுவேன்டா. எல்லாரும் பாட்ட எறக்கி வாங்கிக் கொடுத்ததக் கெடுத்துடுவேன்."

"கொண்டு வரல," என்றேன்.

"என்னா?"

"ட்ராக்கும் கொண்டு வரல, காதுக் கருவியும் கொண்டு வரல. மறந்துட்டேன்."

"நீயா? மறந்தியா?"

"ஆமா."

பை என் தோளில்தான் இருந்தது. கருவி உள்ளே, மின்சாரம் முழுதாக ஏற்றி, இரண்டு தடவை சோதித்தது. முன்பக்கப் பாக்கெட்டில்.

அக்கா என்னைத் திட்டினாள். அங்கே தண்ணீர் பிடிக்க வந்த வயலின்காரர் இருவர் திரும்பிப் போய்விட்டார்கள், அவ்வளவு திட்டினாள். திட்டி முடிந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

நான்காவது தடவை. லிம் இப்போது கோலைப் பார்க்கச் சொல்லவில்லை. 'நீங்கள் மூச்சு எடுங்கள், நாங்கள் வருகிறோம்' என்று சைகை காட்டினார். அக்கா மூச்சு எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு வில்லும் கம்பிமேல் அசையாமல் நின்றன. புல்லாங்குழல்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் நுழையவில்லை.

அவள் ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் அவர்கள்.

முதல் சரணத்தில் ஒரு சொல்லை இழுத்தாள், வழக்கமான இழுப்பைவிடக் கொஞ்சம் கூட. அவர்கள் கூடவே இழுத்தார்கள். அக்காவின் முகம் மாறியது. இரண்டாவது சரணம் தொடங்கும் முன், வேண்டுமென்றே, நிறுத்தினாள். லிம்மின் கோல் அந்தரத்தில். நாற்பது பேரும் அந்தரத்தில். நான்கு வினாடி. என் ட்ராக் இந்நேரம் அடுத்த வரியில் இருந்திருக்கும்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடினாள், சுருதி கொஞ்சம் தள்ளிப் போனது. சரிசெய்ய என்னிடம் எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், அவள் சொன்னது ஒன்றுதான்: "நின்னாங்க பாத்தியாடா?"

அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. நாளை காரின் முன் டயருக்குக் காற்று.
2. விழாவுக்குக் கொடுத்த எட்டு அனுமதிச்சீட்டில் ஆறு போய்விட்டது. மீதி இரண்டை சார்ஜண்டுக்கும் குணாளனுக்கும் அனுப்புவது. குணாளனுக்கு அன்று ஓட்டம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பது.
3. அடுத்த ஒத்திகைக்கு அக்காவை நேரத்தோடு கிளப்புவது. 'சீக்கிரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல்.
4. பையில் இருந்ததை அக்காவிடம் சொல்வது. 13-ஆம் தேதி, பாடி முடித்த பிறகு. திட்டினால் முழுதாகக் கேட்பது.
5. விழாவில் அவள் நிறுத்துகிற இடத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது.